எட்டு செ.மீ. என்னும் பாடம்: பேஸ்மேக்கர் வைத்தவருக்கு ஷாக் சிகிச்சை

பேஸ்மேக்கர் வைத்தவருக்கு வெளியிலிருந்து ஷாக் கொடுக்க நேர்ந்தால், ஷாக் கொடுக்கும் தகட்டை, அதாவது பேடை, கருவியிலிருந்து எவ்வளவு தள்ளி ஒட்டுவது? அமெரிக்க இதயச் சங்கத்தின் 2005 நெறிமுறை ஓர் அங்குலம், அதாவது 2.5 செ.மீ. என்றது. அதே ஆண்டில் ஐரோப்பிய உயிர்மீட்புக் கவுன்சில் 12 முதல் 15 செ.மீ. என்றது, 2010இல் 8க்கு இறங்கியது. ஒரே நெஞ்சுக்கு மூன்று பாடபேதம்.

இவற்றில் 8க்கு மூலம் தெரிகிறது. 2007இல் யூரோப்பியன் ஹார்ட் ஜர்னலில் மானெகோல்டு குழுவினர் வெளியிட்ட ஆய்வு அது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோடு (இதய மேலறைகளின் தாறுமாறான துடிப்போடு) வந்த, ஏற்கெனவே பேஸ்மேக்கரோ ஐசிடியோ (உடலுக்குள் வைக்கும் ஷாக் கருவியோ) பொருத்தியிருந்த 44 பேர். ஒரு பேட் நெஞ்சில், மற்றது முதுகில்; கருவிக்கும் பேடுக்கும் இடையே 8 செ.மீ.க்குக் குறையாத இடைவெளி. ஒரு சாராருக்கு ஒரே திசையில் பாயும் மோனோஃபேசிக் அலை, மறுசாராருக்கு நடுவில் திசை மாறும் பைஃபேசிக். ஷாக் முடிந்த கையோடும், 1 மணி நேரம் கழித்தும், 1 வாரம் கழித்தும் கருவியைச் சோதித்தார்கள். கருவியோ கம்பியோ பழுதாகவில்லை. இப்படி வைத்துக் கொடுத்தால் பாதுகாப்பு என்று முடித்தார்கள்.

அந்த முடிவோடு எனக்குப் பிணக்கில்லை; ஐரோப்பியக் கவுன்சில் அதைப் படித்த விதத்தோடுதான் பிணக்கு. ஒப்பிடப்பட்டவை இரண்டு அலைகள். தூரம் ஒப்பிடப்படவே இல்லை. 5 செ.மீ.யில் ஒட்டப்பட்ட பிரிவு ஒன்று இருந்து, அங்கே கருவி கெட்டு, 8இல் தப்பியிருந்தால் அல்லவா எட்டை எல்லைக்கோடு எனலாம்? எல்லாருக்கும் பொதுவாக வைத்த ஏற்பாடு இரண்டு கூறுகளால் ஆனது: தூரமும், முன்பின் அமைப்பும். கவுன்சில் முதலாவதைக் கட்டளையாக்கியது. இரண்டாவது பின்னுக்குப் போயிற்று. போதாக்குறைக்கு, அது நாள் குறித்து, மயக்கம் கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் கார்டியோவெர்ஷன். நாடி நின்றுபோனவருக்கு ஓடிப்போய்க் கொடுக்கும் ஷாக்குக்கு அதே எண்ணை அப்படியே மாற்றிவிட்டார்கள். அமெரிக்கர்களின் 2010 வாசிப்பு நிதானமானது. எட்டை ஓர் ஆய்வின் சேதியாக மட்டும் சொல்லிவிட்டு, கருவியின் மேலேயே ஒட்டாமல் பாருங்கள், அதற்காக ஷாக்கைத் தாமதப்படுத்தாதீர்கள் என்றார்கள்.

தூரத்தைவிடத் திசையே முக்கியம் என்பது என் வாதம். ஆதாரம் மெலிவுதான், ஆனாலும் சான்றுகள் ஒரே பக்கம் சாய்கின்றன. லவுன், அமரசிங்கம், நியூமன் மூவரும் 1962இல் நாடித்துடிப்போடு ஒத்திசைத்த டிசி ஷாக்கை அறிவித்தார்கள். பழைய பேஸ்மேக்கர் கம்பிகளில் பல யூனிபோலார்: கம்பியின் நுனி ஒரு முனை, கருவியின் உலோகக் கூடே மறுமுனை. காறை எலும்புக்குக் கீழே கூடு, வலது வென்ட்ரிக்கிளின் அடியில் நுனி. வழக்கமான பேடுகளில் ஒன்று வலது காறைக்குக் கீழே, மற்றது இடது விலாவில். கருவி வலப்பக்கம் இருந்தால் ஷாக் பாயும் கோடும் கம்பி கிடக்கும் கோடும் ஏறக்குறைய ஒன்று. கூட்டுக்குள் இருக்கும் ஜீனர் டையோடு சர்க்யூட்டைக் காக்கும். திருப்பிவிடப்பட்ட மின்சாரமோ கம்பி வழியே இறங்கி நுனி தொடும் தசையைச் சுடும். த்ரெஷோல்டு, அதாவது இதயத்தைத் துடிக்கவைக்கத் தேவையான குறைந்தபட்ச மின்னளவு, ஏறும்; பேஸ்மேக்கர் தட்டினாலும் இதயம் துடிக்காது. லெவின் குழுவினர் 1983இல் யூனிபோலார் கருவிகளில் உடனடிக் கேடு, நாள்பட்ட கேடு இரண்டையும் பதிவுசெய்தார்கள். 1995இல் அல்தமுரா குழுவினர் ஆராய்ந்த 36 நோயாளிகளில் பாதிப் பேருக்கு இந்தத் துடிப்பிழப்பு நேர்ந்தது: சிலருக்கு 5 நொடி, நீண்டது 30 நிமிடம்.

1995க்கும் 2007க்கும் இடையே எது மாறியது? பைஃபேசிக் அலையைக் கைகாட்டுவது எளிது. ஆனால் 2007இல் மோனோஃபேசிக் பிரிவும் தப்பியதே. மிஞ்சுவன முன்பின் அமைப்பும், இரு முனைகளும் இதயத்துக்குள்ளேயே அமையும் பைபோலார் கம்பியும். பைபோலார் மெல்ல மெல்லப் பரவியது. அதற்கென ஓர் ஆண்டைக் குறிக்க முடியாது. எனவே இவ்விரண்டில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதைத் திறந்தே விடுகிறேன்.

நடைமுறைக்கு வருவோம். கடையநல்லூர்க்காரர் ஒருவருக்கு பாளையங்கோட்டையில் கருவி வைத்திருப்பார்கள். படபடப்போடு போய் நிற்பது தென்காசி ஆஸ்பத்திரியில். அங்குள்ள மருத்துவருக்கு ஸ்கேல் வேண்டாம். காறைக்குக் கீழே தடவினால் மேடு தட்டுப்படும். நேரமிருந்தால் பேடுகளை முன்னும் பின்னுமாக ஒட்டலாம். நோயாளியின் கருவி அட்டையில் கம்பியின் மாடல் எண் இருக்கும். யூனிபோலாரா பைபோலாரா என்பது அதிலிருந்து தெரியும். ஷாக்குக்குப் பின் த்ரெஷோல்டை அன்றே ஒரு முறையும், சில வாரம் கழித்து இன்னொரு முறையும் பார்க்க வேண்டும். அது பையவும் ஏறக்கூடியது.