கேட்பவர் ஏன் திரும்பி வரவேண்டும்?

ரொறன்ரோவில் வயலின் கற்பிக்கும் நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய இணையத்தளத்தை நாளாந்தம் பலர் பார்க்கிறார்களாம். ஆனால் யாரும் பதிவுகளை வாங்குவதுமில்லை, கச்சேரிக்கு வருவதுமில்லை, ஒரு வரி எழுதிப் போடுவதுமில்லை. "ஆக்கள் வருகினம், பாக்கினம், போகினம். இதுக்கு என்ன செய்யலாம் அண்ணை?" என்றார்.

பக்கத்தின் நிறத்தை மாற்று, படங்களைப் பெரிதாக்கு என்று சொல்லத்தான் முதலில் வாயெடுத்தேன். பிறகு யோசித்தபோது இது கணினி சம்பந்தப்பட்ட கேள்வியே இல்லை என்று பட்டது. கேட்பவரை எப்படிக் கூட வைத்திருப்பது என்பது இசைக்கலைஞர்களின் மிகப் பழைய கவலை.

மொஸார்ட்டையே எடுத்துக்கொள்வோம். 1784 மார்ச்சில் தம் தந்தைக்கு எழுதிய கடிதத்துடன், வியன்னாவில் தம் கச்சேரித் தொடருக்கு முன்கூட்டியே சந்தா செலுத்திய 174 பேரின் பெயர்ப்பட்டியலை அவர் பெருமையோடு அனுப்பிவைத்தார். 1789 ஜூலையில் அதே நகரத்தில் அதேபோல் ஒரு பட்டியலைச் சுற்றுக்கு விட்டார். இரண்டு வாரம் கழித்தும் அதில் இருந்தது ஒரே ஒரு பெயர், பிரபு வான் ஸ்வீட்டன். தமக்குக் கடன் கொடுத்துவந்த நண்பருக்கு எழுதிய கடிதத்தில் மொஸார்ட் இதைச் சொல்லி வருந்துகிறார். 1788இல் ஆஸ்திரியா துருக்கியுடன் போரில் இறங்கியதும், பிரபுக்கள் பலர் நகரை விட்டுச் சென்றதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. மனிதர் அந்த ஐந்து ஆண்டுகளில் மோசமாக எழுதத் தொடங்கிவிடவில்லை என்பது மட்டும் நிச்சயம். நண்பருக்கு இதைச் சொன்னபோது அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

தமிழில் இதற்கு நெருங்கிய உறவு உண்டு. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தபோது, நூல் வெளிவருமுன்பே ஊர் ஊராக அன்பர்களிடம் 'கையொப்பம்' வாங்கினார். கையொப்பமிட்டவர் வெறும் வாங்குபவர் அல்லர்; ஒரு நூல் பிறக்கக் காத்திருப்பவர். இந்தக் காத்திருப்புத்தான் விஷயத்தின் மையம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இணையக் காலத்தில் இதை முதலில் கண்டுகொண்டவர்கள் இசைக்கலைஞர்கள் அல்லர், ரசிகர்கள். மரிலியன் என்ற ஆங்கில ராக் குழுவால் 1997இல் அமெரிக்கப் பயணம் போக முடியவில்லை. போனால் 60,000 டாலர் அளவுக்கு நட்டம் என்று குழுவில் கீபோர்ட் வாசிக்கும் மார்க் கெல்லி ரசிகர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். அமெரிக்க ரசிகர்கள் தாங்களாகவே அந்தப் பணத்தைத் திரட்டிவிட்டார்கள். குழு பயணம் போனது. அதன் பின்தான் குழுவினருக்கு ஒரு துணிச்சல் வந்தது. இன்னும் பதிவே செய்யாத இசைத்தொகுப்புக்கு முன்கூட்டிப் பணம் தருவீர்களா என்று ரசிகர்களைக் கேட்டார்கள். பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் தந்தார்கள். அந்தத் தொகுப்பு 2001இல் வெளிவந்தது. இத்தனைக்கும் இது வானொலிகளும் பத்திரிகைகளும் ஏறக்குறைய மறந்துவிட்டிருந்த குழு. "எங்களிடம் காசில்லை" என்று சொன்னதுதான் அவர்கள் செய்த ஒரே விளம்பரம். நம் கலைஞர்களுக்கு இதைச் சொல்லக் கூச்சம் அதிகம். சபையில் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு வீட்டில் வாடகைக்கு அல்லாடுவார்கள்.

டேவிட் போவி வேறு வழியில் போனார். 1998இல் தம் பெயரிலேயே ஓர் இணையச் சேவையைத் தொடங்கினார். ஒரு மெட்டை வெளியிட்டு, அதற்கு வரிகள் எழுதும் போட்டியும் வைத்தார். வென்ற இளைஞரின் வரிகள் 1999இல் வந்த தொகுப்பில் இடம்பெற்றன. நல்ல யோசனைதான். ஆனால் போட்டி என்பதில் ஒருவர் வெல்ல மற்ற எல்லோரும் தோற்று வீடு திரும்புகிறார்கள். ரேடியோஹெட் குழு 2008இல் ஒரு பாடலின் குரல், கிதார், தாளம் முதலியவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, மீண்டும் கலந்து பாருங்கள் என்று ரசிகர்களுக்குத் தந்தது. தந்தது என்பதைவிட விற்றது என்பதே சரி.

என்னை மிகவும் கவர்ந்தவர் மரியா ஷ்னைடர். அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளர். ஆர்ட்டிஸ்ட்ஷேர் என்ற நிறுவனத்தின் வழியாக ரசிகர்களிடம் முன்பணம் பெற்றுத் தயாரித்த அவரது தொகுப்பு 2004இல் வந்தது. கடைகளில் வைக்கப்படாமல் இணையத்தில் மட்டுமே விற்கப்பட்ட அது அடுத்த ஆண்டு கிராமி விருது பெற்றது. இணையத்தில் மட்டும் விற்று அவ்விருதை வென்ற முதல் தொகுப்பு அதுவே. பணம் தந்தவர்களுக்கு அவர் காட்டியது தம் சமையலறையை: இசை உருவாகும் வழி, நடுவில் வந்த தடுமாற்றங்கள், ஒத்திகை. முடிந்த பண்டத்தை எவரும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். முடியாததைப் பார்த்தவர்தான் "பிறகு என்ன ஆயிற்று?" என்று மறுபடி வருவார். அந்தக் காலத்துத் தொடர்கதை வாசகர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழு தம் கச்சேரிகளை ரசிகர்கள் ஒலிப்பதிவு செய்ய அனுமதித்ததோடு, 1984 முதல் அவர்களுக்கென அரங்கில் தனியிடமும் ஒதுக்கியது. பிற்காலத்தில் அப்பதிவுகள் ஆயிரக்கணக்கில் இணைய ஆவணக் காப்பகத்தில் சேர்ந்தன. 2005 நவம்பரில் அவற்றைத் தரவிறக்கம் செய்வது திடீரென்று நிறுத்தப்பட்டபோது ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களுக்குள் ரசிகர்களின் பதிவுகள் மீண்டும் திறந்துவிடப்பட்டன. ஒலிக்கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து நேராக எடுக்கப்பட்டவற்றைக் கேட்கமட்டும் முடியும் என்றாயிற்று. கேட்பவரைப் பங்காளியாக்கினால் அவர் பங்காளியாகவே நடந்துகொள்வார். சண்டையும் பிடிப்பார்.

இவ்வளவையும் கேட்ட நண்பர், "அப்ப நான் பிழை விட்டு வாசிக்கிறதையும் போடச் சொல்லுறியளோ?" என்று கேட்டார். போடுங்கள் என்றேன். மோகனத்தில் தாம் அமைத்துக்கொண்டிருந்த வர்ணமொன்றைப் பாதியில், வீட்டில் வாசித்தபடியே பதிந்து போட்டார். அடுத்த பகுதி வரும் என்றும் எழுதிவைத்தார். நான்கு நாள் ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாள் முன்பின் அறியாத ஒரு பெரியவரிடமிருந்து மடல் வந்தது. வாசிப்பு நன்று; ஆனால் இரண்டாவது வரியில் விரல் வழுக்கும்போது மத்திமம் எட்டிப் பார்க்கிறது, மோகனத்துக்கு அது ஆகாது என்று எழுதியிருந்தார்.

நண்பர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த வரியைத் திருத்தி வாசித்து, பெரியவரின் மடலையும் அவர் அனுமதியோடு கீழே சேர்த்துப் போட்டார். அதன் பிறகு வந்த மடல்களில் பாதி அந்த மத்திமத்தைப் பற்றியவைதான்.