அவரவர் வீட்டுக்கு முன்னே



ஜன்னல் என்னும் சொல்லே கடல் தாண்டி வந்தது. போர்த்துக்கீசியரின் 'ஜனேலா' நம் நாவில் ஜன்னலாயிற்று. நம் புதுவையின் பழைய வீடுகளிலும் இப்படி இரு மரபுகள் கலந்துள்ளன. தமிழர் வீதிகளில் கீழே திண்ணையும் தாழ்வாரமும் நம் முறை. மாடியில் சாய்பலகை வைத்த உயரமான மர ஜன்னல்கள் பிரெஞ்சு முறை. காற்றை உள்ளே விட்டு வெயிலை வெளியே நிறுத்தும் அறிவு அதில் உண்டு.

1761-இல் ஆங்கிலேயர் இந்நகரைப் பிடித்து இடித்துத் தள்ளினர். 1765-இல் பிரெஞ்சுக்காரர் திரும்பிய பின்னரே வீடுகள் மீண்டும் எழுந்தன. நமது சம்பா கோவிலும் அந்த அழிவுக்குப் பிறகு கட்டப்பட்டு, 1791-இல் நிறைவுற்றதுதான்.

இடித்தவர்கள் போய்விட்டார்கள், உப்புக்காற்று போகவில்லை. பூச்சு வெடித்த இடத்தில் மழைநீர் இறங்கும். நிலையின் அடிச்சட்டம் முதலில் மக்கும். அதன் மேலேயே புது வண்ணம் அடிப்பது, புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவதற்குச் சமம். பழைய பூச்சைச் சுரண்ட வேண்டும். அதில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், தூசி பறக்காமல் ஈரப்படுத்திச் சுரண்டுவது நல்லது. மக்கிய பகுதியை மட்டும் வெட்டி, அதே வகை மரத்துண்டைப் பொருத்தி, மரம் நன்றாகக் காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, அடிப்பூச்சும் மேற்பூச்சும் கொடுக்க வேண்டும். நல்ல தேக்கு நிலை இவ்வாறு தலைமுறைகளைத் தாண்டி நிற்கும். முழு நிலையையும் பெயர்த்தெறிந்து அலுமினியம் வைப்பது எளிது. ஆனால் போன தேக்கு திரும்பாது.

வைசியாள் வீதியில் இதைக் கண்டோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இன்டாக் அமைப்பின் துணையோடு, அவ்வீதியின் வீட்டு முகப்புகள் புதுப்பிக்கப்பட்டன. 2008-இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. மறுபுறம், கடற்கரைச் சாலையில் 'மேரி' எனப்பட்ட பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. 2021-இல் அதே தோற்றத்தில் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. தோற்றம் திரும்பியது, பழைய மரமும் சுவரும் திரும்பவில்லை.

எருசலேம் மதிலைப் பழுதுபார்த்தபோது பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டியதாக நெகேமியா நூல் கூறுகிறது. ஊரைக் காப்பதும் அப்படித்தான் தொடங்குகிறது. ஐப்பசி மழைக்கு முன், நம் வீட்டு ஜன்னலின் அடிச்சட்டத்தை விரலால் அழுத்திப் பார்ப்போம். மெத்தென்று அமுங்கினால், அந்த வாரமே ஆசாரியை அழைப்போம்.