பல்வைத்தியக் கருவிகளும் கிணற்று நீரும்

அளவெட்டியின் செம்மண் வளவுகளில் வேப்பமரம் இல்லாததைக் காண்டல் அரிது. விடியலில் அதன் குச்சியொன்றை ஒடித்து, நுனியை மென்று பல் விளக்கியபின் வேலியடியில் எறிந்துவிடுவது முன்னோர் வழக்கு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவி மேனாட்டார் கண்ட புதுமையன்று. சுசுருத சங்கிதை இக்குச்சிக்கு 12 விரல் நீளமும் சிறுவிரற் பருமனும் விதித்துக் கைப்புடையவற்றுள் வேம்பே சிறந்ததெனக் கூறும். எறியப்பட்ட குச்சி மண்ணோடு மண்ணாயிற்று. அதனால் எவர் கிணறும் கெடவில்லை.

வைத்தியனின் உலோகக் கருவிகளுக்கு அந்நூல் வேறு நெறி வகுத்தது. யந்திரங்கள் 101, வெட்டுங் கருவிகள் 20 எனக் கணக்கிட்டு, பற்காறை சுரண்டும் தந்தசங்குவைப் பின்னவற்றுள் அடக்கியது. காரநீர், நீர், எண்ணெய் என்பவற்றில் தோய்ச்சலிடுதல், வழுவழுப்பான கல்லில் தீட்டுதல், இலவம்பலகையாற் கூர் காத்தல் ஆகியவற்றையெல்லாம் அது விரித்துரைக்கும். கருவி ஆயுட்காலம் பேணவேண்டிய உடைமையாகக் கருதப்பட்டது.

ஆயின் பேணுதல் வேறு, கிருமி நீக்குதல் வேறு. 1848 முதல் மானிப்பாயில் வைத்தியப்பணி புரிந்து, பின்னர் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் தம் பணியைத் தொடங்கியபோது கிருமிக்கொள்கை நிலைபெற்றிருக்கவில்லை. லிஸ்டரின் கட்டுரைகள் 1867 இலும், சாம்பர்லாந்தின் நீராவியழுத்தக் கலம் 1879 இலும் வந்தன. அவற்றின் விளைவு கருவிகளின் கைப்பிடியிலேயே தெரிந்தது. தந்தத்தாலும் கருங்காலியாலும் ஆன அழகிய பிடிகள் வெப்பந் தாங்காமையால் வழக்கொழிந்தன. முழுவதும் உலோகமான கருவிகள் அவ்விடத்தைப் பெற்றன. 121 பாகை நீராவியில் 15 நிமிடம் கிடந்த குறடு மறுநோயாளிக்கும் உதவியது.

1981 இல் எயிட்ஸ் நோய் இனங்காணப்பட்டபின் அச்சம் மேலோங்கியது. 1990 இல், புளோரிடாவில் பல்வைத்தியர் ஒருவரிடமிருந்து நோயாளருக்கு அக்கிருமி பரவியிருக்கலாமென வெளியான அறிக்கை அதனை வளர்த்தது. பரவிய வழி இன்னதென ஐயமற நிறுவப்படவில்லை. எனினும் கையுறை, பிளாஸ்ரிக் குவளை, உமிழ்நீர் உறிஞ்சுகுழாய் என எறிபொருள்கள் பெருகின. ஊசியைப் பொறுத்தவரை இம்மாற்றம் மறுக்கவொண்ணாத நன்மை. ஆனால் வாய் கொப்பளிக்கும் குவளைக்கும் அதே நியாயம் பொருந்துமா?

இவ்வினா வலிகாமத்தில் மிகக் கூர்மையானது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இங்கில்லை. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கிக் கிணறுகளில் ஊறுகின்றது. நிலத்தின்மேல் விடுவது நிலத்தின்கீழ் சேர்வதை, 2010களில் அயலூராகிய சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை காட்டிற்று. புதைத்த பிளாஸ்ரிக் வேப்பங்குச்சிபோல் உக்குவதில்லை. குளோரின் கொண்ட பிளாஸ்ரிக்கைத் திறந்தவெளியில் எரிப்பின் தயொக்சின் என்னும் நஞ்சு பிறக்கும். பல் அடைக்கும் இரசக்கலவையின் கழிவும் இத்தகைய இடரே. பாதரசத்தைக் குறைத்தற்கான மினமாட்டா உடன்படிக்கை 2013 இல் ஏற்கப்பட்டபோது பல்லடைப்பும் அதில் இடம்பெற்றது.

மீளப் பயன்படுத்துதலுக்கும் விலை உண்டு. நீரும் சவர்க்காரமும் மின்சாரமும் அதற்கு வேண்டும். அரைகுறையாக நிரப்பிய கலத்தைப் பன்முறை இயக்கும் சிறு வைத்தியசாலையில் அவ்விலை ஏறும். ஆயினும் கண்ணாடி, குறடு, தட்டு, குவளை ஆகியவற்றை உலோகத்திற் கொண்டு, கலம் நிரம்பியபின் இயக்கின், நோயாளி ஒருவர்க்குரிய செலவு சிறிதாகிவிடும். ஊசியும் கையுறையும் அக்கணக்கிற் சேரா. அவற்றை வேறுபிரித்து உரிய உலைக்கு அனுப்பும் ஏற்பாடே வேண்டுவது.