மன்னாரும் மலேரியாவும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் மலேரியா வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் அதனை ஒரு வெற்றிக் கதையாகவே எழுதியுள்ளனர். 2016 செப்டெம்பர் 5ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் மாலைதீவுக்கு அடுத்ததாக இத்தகைமையைப் பெற்றது இலங்கையே. ஆயின் அவ்வாண்டு முடியுமுன்னரே, டிசெம்பர் மாதத்தில், மன்னார்த் தீவிலே அனொபிலிஸ் ஸ்ரெபென்சி என்னும் நுளம்பினம் கண்டறியப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இவ்வினம் அதுவரை இந்நாட்டிற் பதிவாகியதில்லை. இவ்விரு செய்திகளையும் ஒருங்கு வைத்து நோக்கும்போது, வெற்றிக் கதையை மன்னாரிலிருந்து மீண்டும் வாசிக்கவேண்டிய தேவை எழுகின்றது.

வரண்ட வலயமும் காய்ச்சலும் பிரிக்கவியலாதன என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. 1921இல் லூசியஸ் நிக்கல்ஸ் என்னும் மருத்துவர், பண்டைய குளநாகரிகத்தின் அழிவுக்கு மலேரியாவே காரணமென வாதிட்டார். குளங்கள் சிதைந்த பின்னரே நோய் பெருகியிருக்கவேண்டும் என்போர் காரணத்தையும் விளைவையும் அவர் மாற்றிக்கொண்டார் என்பர். எமக்கும் பிந்திய கருத்தே ஏற்புடையதாகத் தோன்றுகின்றது. மாந்தைத் துறைமுகத்தையும் கட்டுக்கரைக் குளத்தையும் அமைத்த ஒரு சமூகம் நுளம்புக்கு அஞ்சி ஓடிற்று என நம்புவது எளிதன்று.

பழைய காவியான அனொபிலிஸ் குலிசிபேசீஸ் ஆற்றை நம்பி வாழ்வது. ஓடும் நீரில் அது பெருகாது. நீரோட்டம் நின்று, ஆற்று மணலிற் குட்டைகள் தேங்கும்போதே பெருகும். 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தபோது தெதுரு ஓயா, மகா ஓயா, களனி ஆகிய ஆறுகளில் நிகழ்ந்தது இதுவே. 1934-35ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மழை மிகுந்த ஆற்றுப்படுகைகளே பேரழிவைக் கண்டன. வரண்ட வலயத்தவர் ஆண்டுதோறும் காய்ச்சலிற் கிடந்து ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தமையால் தப்பினர். அந்த எதிர்ப்பாற்றலுக்கு அவர்கள் தம் பிள்ளைகளை விலையாகக் கொடுத்திருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

இரண்டாம் உலகப்போரின் பின் டி.டி.ரி. வந்தது. 1946இல் ஆயிரத்துக்கு 20.3 ஆக இருந்த இறப்பு வீதம் 1947இல் 14.3 ஆயிற்று. இவ்வீழ்ச்சியில் டி.டி.ரி.க்குரிய பங்கு எவ்வளவு, உணவுக்கும் வைத்திய சேவைக்கும் உரிய பங்கு எவ்வளவு என்பது பற்றிப் பீற்றர் நியூமனும் எஸ். ஏ. மீகமவும் மாறுபட்டு எழுதினர். எமது ஊராகிய நறுவிலிக்குளத்து முதியோருக்கு இவ்விவாதம் தெரியாது. அவர்கள் நினைவில் நிற்போர், வீட்டுச் சுவருக்கு 'மருந்தடிக்க' வந்தவர்கள் மாத்திரமே. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969இல் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. வெற்றி என்று கருதி விழிப்பைக் கைவிட்டதன் விளைவு ஆறே ஆண்டுகளிற் புலப்பட்டது.

போர்க்காலத்தில் நோயின் சுமை வடக்கு கிழக்கின்மேல் வீழ்ந்தது. இடப்பெயர்வு, மூடப்பட்ட வைத்தியசாலைகள், மருந்துத் தட்டுப்பாடு எல்லாம் அதற்குத் துணைநின்றன. இருப்பினும் மலேரியாத் தடை இயக்கத்தின் பணி அக்காலத்தும் முற்றாக நிற்கவில்லை. போரிட்ட இரு தரப்பினரும் அதற்கு இடமளித்தனர். 1999இல் இரண்டரை இலட்சத்தைக் கடந்திருந்த நோயாளர் தொகை அதன்பின் விரைந்து குறைந்தது. உள்நாட்டில் தொற்றிய இறுதி நோயாளர் 2012 ஒக்டோபரிற் பதிவானார். இவ்வுழைப்பின் வரலாறு, குறிப்பாக எல்லைக் கோடுகளைக் கடந்து குருதிப் பூச்சு எடுத்துச் சென்ற ஊழியரின் வரலாறு, இன்னும் தமிழில் எழுதப்படவில்லை.

புதிய நுளம்போ வேறு இயல்பினது. அது ஆற்றுக் குட்டையைத் தேடுவதில்லை. கிணறு, சீமெந்துத் தொட்டி, நீர்த்தாங்கி என மனிதர் தமக்கெனச் சேமிக்கும் நீரிலேயே முட்டையிடும். ஆதலால் அருவியாறு வற்றினாலும் பெருகினாலும் அதற்கு ஒன்றே. கோடையிற் நாம் நீரைச் சேமிக்குந்தோறும் அதற்கு வாய்ப்பு மிகும். கிணற்றையே நம்பி வாழும் தீவு மக்களை நோக்கிக் கிணற்றை மூடுங்கள் என்று எவரும் கூறவியலாது. குடம்பிகளை உண்ணும் சிறுமீன்களைக் கிணற்றில் விடுதல், தொட்டிகளை மூடுதல் போன்ற எளிய முறைகளே கைகொடுக்கத்தக்கன. பின்னர் யாழ்ப்பாணத்திலும் இந்நுளம்பு காணப்பட்டது.

இதனை வெறும் அச்சமென ஒதுக்குவோர் ஆபிரிக்காவை நோக்கலாம். ஜிபுற்றியில் இந்நுளம்பு 2012இற் காணப்பட்டது. அவ்வாண்டு 27 ஆக இருந்த நோயாளர் தொகை 2020இல் 73,000ஐத் தாண்டிற்று. 2022இல் எதியோப்பியாவின் டிரேடாவா நகரில் மழையற்ற காலத்தில் எழுந்த மலேரியாவுக்கும் இதுவே காரணமெனக் காட்டப்பட்டது. அங்கு நோயுற்றோருட் பலர் எம்மைப் போன்ற பல்கலைக்கழக மாணவர், விடுதியில் தங்கியிருந்தோர்.

மன்னாரில் இன்று நுளம்பு உண்டு, நோய்க்கிருமி இல்லை. கிருமியோ ஆண்டுதோறும் வெளிநாடு சென்று மீள்வோர் சிலரின் குருதியில் வந்துகொண்டுதான் இருக்கின்றது. மலேரியாவைக் கண்டறியாத ஒரு வைத்தியத் தலைமுறை இப்போது உருவாகிவிட்டது. அவர்களிடம் காய்ச்சலோடு செல்வோரை முதலில் டெங்குவென்றே ஐயுறுவர். 2018 டிசெம்பரில் மொனராகலை மாவட்டத்தில் ஒருவருக்கு மலேரியா கண்டறியப்பட்டது. அவர் வெளிநாடு சென்றவரல்லர். இந்தியாவிலிருந்து வந்திருந்த தொழிலாளி ஒருவரின் குருதியிலிருந்த கிருமி, உள்ளூர் நுளம்பு வழியாக அவரை அடைந்திருந்தது. சான்றிதழ் பெற்று அப்போது ஈராண்டும் மூன்று மாதமுமே ஆகியிருந்தன.