வெந்நீர் கேட்ட துப்பாக்கி

என்.சி.சி.யில் எங்களுக்கு .303 துப்பாக்கியைத் துடைக்கக் கற்றுக்கொடுத்த ஹவில்தார், எண்ணெயைவிட வெந்நீரைத்தான் நம்பினார். ஏன் என்று கேட்டால், ‘சொன்னதைச் செய்’ என்பதோடு சரி. காரணத்தைப் பிறகு நானே தேடிப் படித்தேன்.

1888-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற லீ-மெட்ஃபோர்ட் .303 துப்பாக்கியின் குழலில் ஆழமில்லாத, முனை மழுங்கிய ஏழு காடிகள். கரிமருந்தின் கசடை வழித்தெடுக்க அது தோது. கரிமருந்துக்குப் பதிலாகக் கார்டைட் வந்ததும் அதன் சூட்டில் காடிகள் சீக்கிரமே தேய்ந்தன. 1895-இல் வந்த என்ஃபீல்ட் குழலில் ஆழமான ஐந்து காடிகள்.

தேய்மானம் குறைந்தது, துரு விடவில்லை. தோட்டாவின் கேப்பில் இருந்த பொட்டாசியம் குளோரேட் வெடித்ததும் பொட்டாசியம் குளோரைடாகிக் குழலுக்குள் படியும். சாப்பாட்டு உப்புக்குத் தம்பி முறை. காற்றின் ஈரத்தை இழுக்கும், எண்ணெயில் கரையாது. எண்ணெயை மட்டும் பூசி வைத்தவன் உப்பைப் பத்திரமாக மூடி வைத்தான், அவ்வளவுதான். ஆகவே போல்ட்டைக் கழற்றி, புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றி, பித்தளைக் குண்டு கட்டிய புல்த்ரூ கயிற்றில் ‘சிந்தி’ எனப்படும் நான்குக்கு இரண்டு அங்குலத் துணித்துண்டைச் செருகி இழுக்க வேண்டும். உலர்ந்த பிறகே எண்ணெய்.

கயிற்றிலும் வில்லங்கம் உண்டு. சாய்த்து இழுத்தால் அது குழல்வாயை அறுத்துப் பள்ளமாக்கும். பிறகு குறி தப்பும். அதனால் போட்டிக்குச் சுடுபவர்கள் பின்பக்கமிருந்து கம்பி விட்டே துடைப்பார்கள்.

பழைய ராணுவத் தோட்டா சுடுகிறவர்கள் அன்றைக்கே வெந்நீர் ஊற்றிவிடுங்கள். மறுநாள் என்று தள்ளிப்போடாதீர்கள்.