வேடமும் விழியும்

கூத்தாடுபவனின் உடம்பில் எல்லா உறுப்புகளும் வேடத்துக்கு உட்படும். விழி மட்டும் எளிதில் உட்படுவதில்லை. தலைக்குக் கிரீடம் உண்டு, தோளுக்குப் புயக்கீர்த்தி உண்டு, முகத்துக்கு வண்ணம் உண்டு. கறுத்த விழியைச் சிவப்பாக்கவும் நீலமாக்கவும் பழங்கலைஞன் என்ன செய்தான் என்னும் வினா இன்றைய பள்ளி மேடைக்கும் உரிய வினாவாகிவிட்டது.

ஒப்பனையைக் குறிக்கத் தமிழில் வழங்கும் ‘அரிதாரம்’ என்னும் சொல்லை முதலில் நோக்குதல் தகும். அஃது ஒரு மஞ்சள் கனிமத்தின் பெயர். ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்த நச்சுப்பொருள். சிவப்புக்குப் பயன்பட்ட சாதிலிங்கமோ பாதரசம் கலந்தது. இத்தகைய பொருள்களைத் தோல் ஒருவாறு தாங்கிக்கொண்டது. கண் தாங்காது. ஆகவே தெருக்கூத்துக் கலைஞர் விழியைத் தொடாமல் அதன் புறத்தே மையை அடர்த்தியாகத் தீட்டி, பார்வையைப் பெரிதாக்கிக் காட்டினர். எமனாகவும் சனீசுவரனாகவும் வேடமிட்டு அவையை நடுங்க வைத்தவர் என்று போற்றப்படும் சங்கரதாசு சுவாமிகளுக்கு (1867–1922) நிறம் மாறிய விழி தேவைப்படவில்லை. குரலும் நோக்கும் போதுமாயிருந்தன.

இக்கலை மரபு கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தது. பேராக் மாநிலத்தின் தென்கோடியில், சிலாங்கூரை எல்லையாகப் பிரிக்கும் பெர்ணம் ஆற்றின் கரையில் உள்ள ஊர் ஹுத்தான் மெலிந்தாங். 1906இல் டென்மார்க் நாட்டவரான வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்டராட்டா தோட்டமும் அவ்வட்டாரத்தைச் சேர்ந்ததே. இரப்பரும் தென்னையும் பின்னர்ச் செம்பனையும் செழித்த இத்தகைய தோட்டப்புறங்களில் தமிழ்த் தொழிலாளர் கோயில் கட்டினர், திருவிழாக் கண்டனர், கூத்தும் ஆடினர். மலாயாத் தோட்டங்களில் ஆடப்பட்ட காமன் கூத்தின் கதையே ஒரு கண்ணின் கதைதான். சிவனின் நெற்றிக்கண் திறக்கிறது, மன்மதன் எரிகிறான். அவன் எரிந்தானா, எரியவில்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து இலாவணி பாடுவதும் உண்டு. நெற்றிக்கண்ணை வண்ணத்தால் வரைந்துவிடலாம். அதன் கீழே உள்ள இரு கண்களும் சினத்தால் சிவந்திருக்க வேண்டும் என்று கூத்தர் விரும்புவது இயல்பே.

அவ்விருப்பத்தை உண்மையிலேயே நிறைவேற்றிக்கொண்டவர் தமிழரின் அண்டை நிலத்தாராகிய கேரளத்துக் கதகளிக் கலைஞர். சுண்டைச் செடியின் பூவிலிருந்து சிறு சூலகத்தைப் பிரித்தெடுத்து, அது கருநிறம் அடையும்வரை உள்ளங்கையில் உருட்டித் தேய்ப்பர். ‘சுண்டப்பூ’ எனப்படும் அச்சிறு மணியைக் கீழிமையின் உட்புறம் வைத்து விழியைச் சுழற்றினால் வெண்விழியெங்கும் செம்மை படரும். குத்துவிளக்கின் சுடரொளியில், பச்சை பூசிய முகத்தின் நடுவே அச்சிவந்த விழிகள் தொலைவில் அமர்ந்திருப்போருக்கும் தெளிவாகத் தோன்றும். மருத்துவ நோக்கில் இதுவும் கண்ணுக்கு ஓர் உறுத்தலே. மாணவர் எவரும் இதனைச் செய்து பார்த்தல் ஆகாது. ஆயின் ஒன்று கருதத்தக்கது. கதகளி மாணவர் விடியற்காலையில் கண்ணில் நெய்யிட்டு விழிப்பயிற்சி செய்து பல்லாண்டு பழகுவர். 1930இல் வள்ளத்தோள் முதலியோர் நிறுவிய கேரள கலாமண்டலத்திலும் இப்பயிற்சி தொடர்ந்தது. எதனை, எவ்வளவு, எத்துணை நேரம் என்பதைச் சொல்லித்தர ஆசான் ஒருவர் அருகில் இருந்தார். பொருளும் அதனைக் கையாளும் அறிவும் சேர்ந்தே கைமாறின.

‘காண்டாக்ட் லென்ஸ்’ என மக்கள் வழங்கும் விழிவில்லையின் வரலாறு வேறு வகையானது. அது மேடையில் பிறந்ததன்று. மருத்துவர் கையில் பிறந்தது. 1888இல் சூரிக் நகரத்துக் கண் மருத்துவர் அடோல்ஃப் ஃபிக் கண்ணாடி வில்லைகளை முதலில் முயல்களின் கண்ணிலும் பின்னர்த் தம் கண்ணிலும் பொருத்திப் பார்த்தார். சில மணி நேரத்துக்கு மேல் அவற்றைத் தாங்க இயலவில்லை. 1961இல் செக் நாட்டு வேதியியல் அறிஞர் ஓட்டோ விக்டர்லே, சிறுவர் விளையாட்டுக் கருவியின் உறுப்புகளையும் மிதிவண்டி டைனமோவையும் கொண்டு தம் வீட்டிலேயே ஒரு பொறி அமைத்து மென்மையான வில்லைகளை வார்த்தெடுத்தார். அமெரிக்காவில் 1971இல் மென்வில்லை விற்பனைக்கு இசைவு கிடைத்தது. பார்வைக் குறை தீர்க்க வந்த பொருளைத் திரைப்பட ஒப்பனையாளர் விரைந்து பற்றிக்கொண்டனர். 1973இல் வெளிவந்த ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தில் பேய் பிடித்த சிறுமியின் விழிகளை வில்லைகளே மாற்றின.

இன்று அதே வண்ண வில்லை பூனைக்கண்ணாகவும் இரத்தச் சிவப்பாகவும் இணையக் கடைகளில் மலிந்து கிடக்கிறது. ஆசான் மட்டும் உடன் வருவதில்லை. கார்னியா எனப்படும் விழியின் முகப்புப் படலத்துக்குக் குருதிக் குழாய் கிடையாது. கண்ணீரின் வழியே காற்றிலிருந்துதான் அது உயிர்வளியைப் பெறுகிறது. பொருந்தாத வில்லை அவ்வழியை அடைக்கும். படலத்தைக் கீறவும் செய்யும். கீறலில் சூடோமோனாஸ் என்னும் நுண்ணுயிரி புகுந்தால் ஓரிரு நாளிலேயே பார்வை அழியக்கூடும். குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் வாழும் அகந்தமீபா புகுந்தாலோ வலியும் மருத்துவமும் பல மாதங்கள் நீளும். மேடைக்கே உரிய இடர் மற்றொன்றும் உண்டு. இருளில் கண்மணி விரியும். வில்லையில் தீட்டிய வண்ணம் விரியாது. அதன் நடுத்துளையைக் கண்மணி மீறும்போது பார்வை மங்கும். மேடை விளிம்பில் நிற்கும் சிறுவனுக்கு அது சிறிய இடர் அன்று.

பார்வைக் குறை இல்லாதவர் அழகுக்காக அணிந்தாலும் வில்லை மருத்துவக் கருவியே என 2005இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. மலேசியாவில் 1991ஆம் ஆண்டின் ஒளியியல் சட்டம் விழிவில்லை வழங்கும் உரிமையைத் தகுதி பெற்றுப் பதிவு செய்துகொண்டவர்க்கே அளிக்கிறது. இரவுச் சந்தைக் கடைக்காரருக்கு அவ்வுரிமை இல்லை. சட்டம் இருந்தும், ஆண்டுவிழா நாடகத்தில் அரக்கனாகும் மாணவன் தோழனிடமிருந்து இரவல் பெற்ற வில்லையை அணிவதைத் தடுக்க ஒப்பனை அறையில் நிற்கும் ஆசிரியரே உள்ளார்.

அவர் அறிந்திருக்க வேண்டியவை அரியன அல்ல. கண்ணை அளந்து கொடுத்த வில்லை ஒருவருக்கு மட்டுமே உரியது. வேடம் மாறும்போது விழிவில்லையைக் கைமாற்றுதல் கூடாது. அதனை நீரிலோ எச்சிலிலோ நனைக்கலாகாது. அதற்கென உள்ள கரைசலே வேண்டும். அணிந்தபடி உறங்குதல் தவறு. கண் சிவந்தாலும் நொந்தாலும் கூசினாலும் காட்சி முடியட்டும் என்று காத்திராமல் கழற்றிவிட்டு, அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சாம்பிராணிப் புகையும் முடிக்குத் தெளிக்கும் பசையும் வில்லை அணிந்த கண்ணுக்கு ஆகா. ஒப்பனையில் வரிசையும் உண்டு: சோப்பிட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த கையால் முதலில் வில்லை, மாவும் மையும் வண்ணமும் பின்னர். ஆட்டம் முடிந்தபின் கையை மீண்டும் கழுவி முதலில் எடுக்க வேண்டியதும் வில்லையே. எண்ணெய் தோய்ந்த துணி முகத்தைத் தொடுவது அதன் பிறகு.