லிப்ராவும் பவுனும்

இங்கிலாந்தின் பவுண்டு ஸ்டெர்லிங் நாணயத்தை ஸ்பானிய மொழியினர் 'லிப்ரா எஸ்தெர்லினா' என்று அழைக்கின்றனர். இரு பெயர்களும் ஒலியில் தொலைவானவை. எனினும் ஒரே தொடரின் இரு பாதிகள்.

இலத்தீனில் 'லிப்ரா' என்றால் தராசு. தராசில் நிறுக்கும் ஓர் அளவும் அதுவே, ஏறத்தாழ 327 கிராம். நம் மொழியில் துலாம் என்பது தராசையும் ஒரு நிறையளவையும் குறித்ததைப் போன்றதே இது. 'லிப்ரா போந்தோ' என்றால் 'எடையால் ஒரு லிப்ரா'. இத்தொடரில் எடையைக் குறித்த பின்சொல்லை ஆங்கிலம் எடுத்துக்கொண்டு 'பவுண்டு' என்றாக்கியது. இலத்தீனின் மகளான ஸ்பானியமோ முன்சொல்லைக் காத்தது. பவுண்டின் குறியீடாக எழுதப்படும் கோடிட்ட 'எல்' எழுத்தும் லிப்ராவின் முதலெழுத்துதான்.

எடை பணமானது எவ்வாறு? 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் சார்லமேன் ஒரு லிப்ரா வெள்ளிக்கு 240 தெனாரியஸ் காசுகள் என வரையறுத்தார். 240 பென்சு ஒரு பவுண்டு என்ற இக்கணக்கு இங்கிலாந்தில் 1971 வரை நீடித்தது. பணத்தைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லான 'தினேரோ'வும் தெனாரியஸின் வழிவந்ததே.

'ஸ்டெர்லிங்' முதலில் நார்மன் காலத்து வெள்ளிப் பென்னியின் பெயர். அக்காசுகள் சிலவற்றில் சிறு விண்மீன் பொறிக்கப்பட்டிருந்ததால் வந்த பெயர் என்பாரும் உளர். அதனை மறுப்பாரும் உளர். சொல் முதலில் 'ஸ்ட' போன்ற மெய்க்கூட்டை ஸ்பானிய நா ஏற்பதில்லை. 'ஸ்டேஷனை' நம் கிராமத்தார் 'இஸ்டேஷன்' என்பது போல அங்கே ஓர் எகரம் முன்நிற்கிறது. லிப்ரா பெண்பாற் சொல்லாதலால் அடைமொழியும் ஆகார ஈறு பெற்று 'எஸ்தெர்லினா' ஆயிற்று.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1817 முதல் அச்சிடப்பட்ட, ஒரு பவுண்டு மதிப்புள்ள சவரன் என்னும் பொற்காசின் எடை 7.98 கிராம். ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கு வந்த அக்காசைத் தமிழர் 'பவுன்' என்றனர். இன்று நமக்குப் பவுன் நாணயமன்று. எட்டு கிராம் பொன்.

1931இல் பிரிட்டன் தங்க அளவையைக் கைவிட்டதோடு பவுண்டு பொன்னோடு கொண்டிருந்த பிணைப்பு முடிந்தது. பழைய எடையின் நினைவு ஸ்பானியப் பெயரில் சொல்லாக மட்டுமே எஞ்சியிருக்கிறது. தமிழிலோ அச்சொல் மீண்டும் தராசில் ஏறிவிட்டது. மகளுக்கு எத்தனை பவுன் என்று கேட்கப்படும் தந்தைக்கு அதன் கனம் இன்றும் நன்கு தெரியும்.